'ரன்' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தாலாகிய 'ரன்' என்னும் சொல்லை அறியாத மாணவர் நம்முள் இலர். 'ரன் என்றால் ஓடு' என்று இளமையிலேயே நெட்டுருச் செய்துவிடுகிறோம். ஆயின், அவ்வொரு பொருளையே துணையாகக் கொண்டு ஆங்கில நூல்களுட் புகுவார் படும் இடர் பெரிது. விடுமுறையில், பாகூரில் என்பால் பாடங் கேட்க வந்த சிறுவன் ஒருவன், ஒருவர் கடையை 'ரன்' செய்கிறார் என்னும் வாக்கியத்தைக் கண்டு, "அண்ணா, கடை எங்கே ஓடும்?" என்று வினவினான். பின்பு, "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று முடிவுங் கட்டிவிட்டான்.

அவன்மேற் குற்றம் யாது? ஆக்ஸ்போர்டுப் பேரகராதியைத் திருத்தும் பணியில், இச்சொல் வினையாய் நிற்குமிடத்து மட்டும் 645 பொருள்கள் உளவாதல் 2011-இல் வெளியாயிற்று. அதனை வகைப்படுத்தப் பீட்டர் கில்லிவர் என்னும் பதிப்பாசிரியர் ஒன்பது திங்கள் உழைத்தனர். பேரறிஞரையே இத்துணைக் காலம் நிறுத்திவைத்த சொல், சிறுவனைத் திகைப்பித்தல் வியப்பன்று.

"ஏரி வாய்க்காலில் நீர் ஓடுகிறது, சுவரிற் கடிகாரம் ஓடுகிறது, புதுவைக் கொட்டகையிற் படம் ஓடுகிறது, கணக்கைக் கண்டால் உனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவற்றுள் எதற்குத் தம்பி கால் உண்டு?" என்றேன். அவன் நகைத்தான், அச்சமும் நீங்கிற்று.

இரு மொழியும் எங்கும் ஒருங்கே ஓடுவனவும் அல்ல. நாம் நடத்தும் கடையை ஆங்கிலேயர் ஓட்டுகின்றனர். நமக்கு ஒழுகும் மூக்கு அவர்க்கு ஓடுகிறது. தேர்தலிலோ அமெரிக்கர் ஓடுவர், இங்கிலாந்தினர் நிற்பர், நாமும் நிற்பவரே.

எனின், பொருளைத் துணிவது எங்ஙனம்? பலபொருள் ஒருசொல்லை அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாமென்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வழி வகுத்துள்ளார். அவ்வழி ஆங்கிலத்திற்கும் பொருந்துவதே. கடையோ, மூக்கோ, தேர்தலோ, அருகில் நிற்பது எதுவென நோக்கின் 'ரன்' தன் பொருளைத் தானே கூறும். தனித்து நிற்கும் சொல்லை நெட்டுருச் செய்வோர்க்கு அது வாய் திறவாது.

பல்லவன் நிருபதுங்கன் காலத்திலேயே கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையைச் செப்பேட்டிற் காட்டும் ஊர் பாகூர். அவ்வூர்ப் பிள்ளை ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு அஞ்சித் தன்னைத்தானே மந்தனென்று தள்ளிக்கொள்ளுதல் தகுமோ? நண்பர்காள், விடுமுறையில் நும் ஊர்ச் சிறார்க்கு ஆங்கிலம் புகட்டுங்கால், தாய்மொழியின் வாயிலைத் திறந்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் தயங்காது வருவர்.