ஒளிந்து ஓடும் ஆறு

லண்டன் மாநகரத்திலிருந்து வடமேற்கே ரயிலேறினால் முக்கால் மணி நேரத்தில் கிரேட் மிஸ்ஸெண்டன் என்னும் சிற்றூர் வருகிறது. மிஸ்பர்ன் ஆறு அங்கேதான் பிறக்கிறதென்று தேசப்படத்தில் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். நாம் போனது இலையுதிர் காலம். பாலம் இருந்தது, கரை இருந்தது, ஆற்றைத்தான் காணோம்! படுகையில் புல் முளைத்திருந்தது.

ஆற்றின் இயல்பே இதுதான். சில்டர்ன் குன்றுகள் யாவும் சீமைச் சுண்ணாம்புப் பாறை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளே இப்படிப் பாறையாகியிருக்கின்றன. காட்டாறு மழை பெய்த அன்றே கரைபுரண்டு, மறுநாள் மணலைக் காட்டிவிடும். இந்தப் பாறையோ மாரிக்கால மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மாதக்கணக்கில் தேக்கி, நிலத்தடி நீர் உயர்ந்த பிறகே ஊற்றாக வெளியே விடுகிறது. ஆகையால் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பளிங்குபோல் ஜலம் ஓடும். கோடை முற்ற முற்ற ஊற்றுக்கண் பள்ளத்தாக்கில் கீழே கீழே இறங்கிவிடும். உலகத்திலுள்ள இத்தகைய ஆறுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன.

இந்தக் குணமே ஆற்றுக்குச் சத்துருவாய் முடிந்தது. 1892-ல் ரயில் வந்தது, குடியேற்றம் பெருகிற்று. ஆழ்கிணறுகள் தோண்டி, வீட்டுக் குழாய்களுக்காக யந்திரங்கள் இரவும் பகலும் இறைத்தன. இன்று அந்நாட்டில் ஓர் ஆளுக்குத் தினம் ஏறக்குறைய 140 லிட்டர் செலவாகிறது. நீர்மட்டம் தாழவே, வற்றக்கூடாத இடங்களும் வற்றின. "காய்கிற ஆறுதானே, ஐயா!" என்று சொல்லிவிடுவதும் சுலபமாயிற்று. அடிக்கடி வெளியூர் போகிறவன் காணாமற் போனால், யார் உடனே தேடுகிறார்கள்?

1990-களில் இறைப்பைச் சிறிது குறைத்தார்கள். பின்னர் வேறொரு கவலை பிறந்தது. பர்மிங்ஹாமுக்குப் போடும் அதிவேக ரயில்பாதைக்காக 16 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைச் சுரங்கத்தை 2024-ல் குடைந்து முடித்தார்கள். அது இரண்டு இடங்களில் மிஸ்பர்னுக்கு அடியிலேயே செல்கிறது. படுகையே சல்லடையாய் இருக்கையில், அடியில் புது விரிசல் கண்டால் ஜலம் எங்கே போகுமோ என்று ஊரார் அஞ்சியதில் வியப்பில்லை.

ஆறு போகும் வழியே சால்ஃபண்ட் செயின்ட் ஜைல்ஸ் கிராமத்துக்குச் சென்றோம். 1665-ல் லண்டனில் பிளேக் பரவியபோது, கண்ணிழந்த மகாகவி மில்டன் இங்கே ஒரு சிறு வீட்டில் தங்கி, 'சுவர்க்க நீக்கம்' என்று நம்மவர் வழங்கும் காவியத்தை நிறைவு செய்தார். காணமுடியாத ஆற்றை அவர் காதால் கேட்டிருக்கக் கூடும். நாமும் கரையில் நின்று காது கொடுத்தோம். ஓசை ஒன்றுமில்லை, படுகையில் ஈரம் மட்டும் இருந்தது.

அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "பிப்ரவரியில் வந்து பாருங்கள், அப்போதும் தண்ணீர் இல்லாவிட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வராது" என்றார்.