மச்சான் பிடிக்கும் கயிறு

தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று சொன்னால் நம்ம ஆட்கள் கேட்பது ரெண்டே ரெண்டுதான். மக்ரூன், முத்து! மக்ரூன் வாங்கி வரலாம். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு... வாயில் போட்டால் காணாமல் போகும் (விலையைக் கேட்டால் காசும்தான்). முத்து வேண்டுமானால் 1961-லேயே வந்திருக்கணும் சார். கடைசி முத்துக்குளிப்பு அந்த வருஷம்தான்.

முத்தை விட எனக்குப் பிடித்தது அந்தக் கயிறு. குளிக்கிறவர் கல்லின் கனத்தில் சரேலென்று அடிக்கடலுக்கு இறங்குவார். மூச்சடக்கி ஏறக்குறைய ஒரு நிமிஷ வேலை. கயிற்றின் மறுமுனை தோணியில் ஒருவர் கையில். அசைத்தால் உடனே இழுக்கணும். கண்ணயர்ந்தால் ஆள் காலி! அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்பது இந்தக் கரையின் வழக்கு. தங்கச்சி தாலி ஆச்சே, விடுவானா? கூடப்பிறந்த தம்பியைக்கூட வைக்கவில்லை பாருங்கள். பாகப்பிரிவினை தெரிந்தவர்கள்! பி.காமில் மூன்று வருஷம் இன்ஷூரன்ஸ் படித்தேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை.

என் அத்தை மகன் சாஃப்ட்வேர்காரன். 2020 லாக்டவுனில் லேப்டாப்போடு சென்னையிலிருந்து வந்தவன், பனிமய மாதா கோயில் பக்கத்து வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டான். எந்தக் கன்டெய்னர் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று காட்டும் புரோகிராம் எழுதுகிறான். நாலு மைல் தள்ளி, வ.உ.சி. பேர் வைத்த துறைமுகத்துக்குள் இன்றுவரை கால் வைத்ததில்லை! மீட்டிங் நடுவில் கீழேயிருந்து, "ஏல, சாளை வந்திருக்கு, வாங்கவா?" என்று அத்தை குரல் கொடுக்க, அமெரிக்க மேனேஜருக்கே 'ஏல' பாடம்.

இப்போது கம்பெனி, 'ஆபீஸுக்கு வா' என்கிறது. 2024 டிசம்பரில் இங்கேயும் ஒரு நியோ டைடல் பார்க் திறந்தார்கள்தான். இவன் கம்பெனி அதில் இல்லையே!

அத்தைக்குப் பிரஷர், தனி ஆள். "போவட்டும் மருமவனே, நான் பாத்துக்கிடுவேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு மீட்டிங் முடிஞ்சு வந்து, என் மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாக்கான். நான் தூங்குறேன்னு நெனைப்பு" என்றாள்.

மாடியில் கீபோர்டு சத்தம்.

"நீ அவனுக்கு மச்சான்தானே... போவச் சொல்லுதியா, இருக்கச் சொல்லுதியா?"

நல்லவேளை, என் வாயில் மக்ரூன் இருந்தது.