மிதக்கிற சட்டை

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில், மலைக் குடியிருப்புப் பள்ளியில் என் நாத்தனார் ஆசிரியை. 1906-ல் கட்டி முடித்த அந்த அணையை நாமெல்லாம் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அக்கரையில் வாழும் காணி மக்களுக்கோ படகுதான் பஸ். "பொங்கலுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வா" என்று நாத்தனார் அழைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணம் உண்டு. போன வருஷம் எங்கள் ஊர்ச் சானலில் என் நாலு வயது மகளுக்குக் கையில் மாட்டும் காற்றுப் பைகளைப் போட்டு இறக்கிவிட்டு, துணி அலசிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்தான். அவள் கையைத் தூக்க, பைகள் உருவிக்கொண்டு தனியே மிதந்தன. பிள்ளை மிதக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. பக்கத்தில் குளித்த பாட்டி ஒருவர் முடியைப் பிடித்துத் தூக்கினார்.

அந்தமானில் முக்குளிப்புப் பயிற்சி தரும் என் தம்பி லீவில் வந்திருந்தான். அவன் பெட்டியில் பட்டையும் கொக்கியுமாய் ஒரு கடல் சட்டை.

"மக்கா, இதிலேயே பிள்ளைக்குச் சின்னதா ஒண்ணு வாங்கலாமா?"

"அய்யோ அக்கா, இது மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற சட்டை. சிலிண்டர் காத்தை இதுக்குள்ளே விட்டா மேலே வரலாம், வெளியே விட்டா கீழே போகலாம். ஆள் மயங்கிட்டா முகத்தை மேலே பிடிச்சு வைக்கும்னு நம்ப முடியாது. முதுகுப் பக்கம் மட்டும் காத்து நிறையற ரகம், தண்ணிக்கு மேலே ஆளை முன்னாலே சாய்க்கவும் செய்யும்."

காற்றை நிரப்பிய பிறகும் நெஞ்சை நெரிக்காமல் மூச்சு விட முடிகிறதா என்று பார்த்துத்தான் அதை வாங்குவார்களாம். பெண்களின் உடல்வாகுக்கென்றே தனி அளவுகளும் உண்டாம். ரவிக்கைக்கு அளவு பார்ப்பது போலத்தான்!

மறுநாள் நாகர்கோவிலுக்குப் போனோம். பிள்ளைகளுக்கான உயிர்காப்புச் சட்டையில், 'வளர்கிற பிள்ளைதானே' என்று ஒரு அளவு பெரியதாக எடுத்தேன். தம்பி அதை மாட்டி, தோள் பக்கம் பிடித்துத் தூக்கினான். சட்டை மேலே ஏறி, பிள்ளையின் முகம் உள்ளே மறைந்தே போயிற்று! தண்ணீரிலும் இப்படித்தான் ஆகும் என்றான். பாவாடை சட்டைக்குப் பார்க்கிற கணக்கு இதற்கு ஆகாது, சகோதரிகளே.

சட்டையின் உள்பக்கம் எழுதியிருக்கும் எடை, பிள்ளையின் இன்றைய எடைக்குப் பொருந்த வேண்டும். காற்றடைத்தது வேண்டாம், உள்ளே நுரைப்பஞ்சு வைத்ததே நல்லது. கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் மடிப்பும், சட்டை மேலேறாமல் கால்களுக்கிடையே ஒரு பட்டையும் இருக்கட்டும். நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ. நீலம் தண்ணீரில் தெரியாது. வாங்கியதும் ஆழமில்லாத தண்ணீரில் போட்டுப் பழக்குங்கள். சட்டை இருக்கிறதே என்று கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகரவும் கூடாது.

பொங்கலுக்குப் போனோம். படகு நடு அணைக்கு வந்தபோது மகள் என் சேலையை இழுத்தாள்.

"அம்மா, ஒனக்குச் சட்டை எங்கே? நீ விழுந்தா ஒன்னை யாரு தூக்குவா?"

எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்காக ஒரு நாள் முழுக்கக் கடை ஏறி இறங்கிய எனக்கு, என் நினைப்பே வரவில்லை. அக்கரை சேரும்வரை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் எனக்கும் ஒன்று வாங்கினேன், என் எடை பார்த்து!

பிள்ளைக்கு வாங்கும்போது உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள். அம்மா மிதந்தால்தானே பிள்ளையைப் பிடிக்க முடியும்?