அக்காளுக்குக் கொடுத்த விதைச்சோளம்

தெரியாமல் நடந்துவிட்டது என்று இத்தனை நாளும் சொல்லி வந்தேன். அது பொய். தெரிந்தேதான் செய்தேன்.

தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுடைய மானாவாரிக் காடு. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி வெள்ளைச்சோளம் விதைப்போம். ஒரு வருஷம் கதிர் முற்றுகிற நேரத்தில், சில கதிர்களில் மணி இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு வெள்ளையாக நீண்ட பைகள் நின்றன. நசுக்கினால் விரலெல்லாம் கரி. கரிப்பூட்டை நோய் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கதிர்களைத் துணிப்பையில் மூடி அறுத்து, கொதிநீரில் முக்கி அழிக்க வேண்டும் என்பதும் தெரியும். கூலிக் கணக்குப் பார்த்து விட்டுவிட்டேன். நல்ல கதிரையும் கெட்ட கதிரையும் ஒரே களத்தில் போட்டு அடித்தேன்.

கேடு பரவுவது அந்தக் களத்தில்தான். அடிக்கும்போது பை உடைந்து, கரித்தூள் நல்ல மணிகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தூள் முழுக்கப் பூஞ்சாண வித்து. விதைத்ததும் சோளத்தோடு அதுவும் முளைக்கிறது. முளை மண்ணுக்கு மேலே வருமுன் அதற்குள் நுழைந்துவிடுகிறது. பிறகு குருத்தோடு குருத்தாக ஏறும். பயிர் பச்சையாக, திடமாகத்தான் நிற்கும். கதிர் வாங்கிய பிறகுதான் தெரியவரும். அப்போது எந்த மருந்து தெளித்தும் பிரயோசனமில்லை.

தடுப்பதற்கோ பெரிய செலவில்லை. கிலோ விதைக்கு 4 கிராம் கந்தகத்தூள், இல்லையென்றால் அதே அளவு கேப்டானோ திரமோ கலந்தால் போதும். மானாவாரியில் ஏக்கருக்குச் சுமார் 6 கிலோ விதை. அதற்கு 24 கிராம் மருந்து. இது புதிய சங்கதியும் அல்ல. கோதுமைக் கதிரின் கரித்தூள்தான் அடுத்த விதைப்புக்கு நோயைக் கொண்டுபோகிறது என்று பிரான்சில் தில்லே என்பவர் 1755-லேயே சோதித்துக் காட்டினார். அந்தத் தூள் உயிருள்ள பூஞ்சாணம், மயில்துத்தக் கரைசலுக்கு அது அடங்கும் என்று பிரெவோ 1807-ல் எழுதிவைத்தார்.

பின் ஏன் செய்யவில்லை? மருந்து கலந்த சோளம் மிஞ்சினால் கஞ்சிக்கு ஆகாது, கோழிக்கும் போடக்கூடாது. அந்தப் பயம் நியாயமானதுதான். 1971-72-ல் ஈராக்கில் பாதரச மருந்து கலந்த விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுத் தின்று, ஆஸ்பத்திரிக் கணக்கில் மட்டும் 459 பேர் செத்தார்கள். ஆனால் நான் அதை ஒரு சாக்காகத்தான் பிடித்துக்கொண்டேன். விதைக்கிற அளவுக்கு மட்டும் அளந்து கலந்தால் என்ன மிஞ்சப்போகிறது?

என் காட்டோடு போயிருந்தால் அது என் நஷ்டம். பெரியம்மா மகள் கேட்டு வந்தாள். விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுத்துச் சேர்த்த கூலியில் உழவுக்குக் கொடுத்திருந்தாள், விதைக்குக் காசில்லை. "தம்பி, ஒன் காட்டு வெத இருந்தா குடுப்பா" என்றாள். கொடுத்தேன். மருந்து கலந்து கொடுக்கவில்லை, கலந்து விதைக்கச் சொல்லவும் இல்லை. சொன்னால் என் காட்டில் நோய் இருந்தது தெரிந்துவிடும், அடுத்தாற்போல் என் சோளத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

தையில் கரிக்கதிரை ஒடித்துக்கொண்டு வந்து, "இது என்னப்பா தம்பி?" என்று கேட்டாள். "காத்துல வந்திருக்கும்க்கா" என்றேன். விதையோடு வருகிற நோய் என்று அறிந்தவன் சொன்ன பதில் அது. இந்த வாக்குமூலத்தில் எனக்கு ஆறவே ஆறாத இடம் அதுதான். நோயை அவள் காட்டுக்கு அனுப்பியதோடு, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் வழியையும் அடைத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். "அப்பவே சொல்லிருந்தா அந்தச் சோளத்துல வெதைக்கு எடுத்திருப்பேனா? கொழுந்தன் வீட்டுக்கும் குடுத்துட்டேனே" என்றாள். அவர் காட்டிலும் கரிப்பூட்டை வந்திருந்தது.

புரட்டாசிக்கு விதை கொடுக்கிறவர்களே, உங்கள் காட்டில் கரிக்கதிர் இருந்ததா என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர்கள், சொந்தக்காரர் வீடானாலும், கேட்டு வாங்குங்கள். மருந்து கலந்து விதையுங்கள்.