இருட்டிலும் திரும்ப வேண்டிய இடுப்பு

உடுமலைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பை ஒட்டிய மண் தடம். தை மாதத்து ரேக்ளா, மாட்டுவண்டிப் பந்தயம். 200 மீட்டர் ஒரு பிரிவு, 300 மீட்டர் இன்னொன்று. கொங்கு நாட்டு ரேக்ளாவில் வண்டிகள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொன்றாக ஓடும், எடுத்துக்கொண்ட நேரம்தான் வெற்றியைச் சொல்லும். ஓடுகிற வண்டியோடு கேமராவையும் திருப்பிப் படமெடுக்கும் பேனிங்கைப் பழக வருகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு வண்டி தவறினால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும்.

கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்ட அண்ணன், பந்தயங்களில் படமெடுத்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பவர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தப் பந்தயங்களுக்குத் தடை விதித்தபோது கல்யாண வீடுகளுக்குப் போனார். அவற்றை மீண்டும் அனுமதித்த 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தடத்துக்குத் திரும்பினார். கல்யாணத்தில்தான் வருமானம் என்கிறார். ஆனால் தை பிறந்தால் அவரை மண்டபத்தில் பார்க்க முடியாது.

முதல் நாலைந்து வண்டிகளை 1/500 நொடியில் எடுத்தேன். குளம்பு, சக்கரத்தின் ஆரக்கால், தெறித்த மண் எல்லாமே துல்லியம். அண்ணன் பார்த்துவிட்டு, "வண்டி நிக்கற மாதிரி இருக்குதுங்க தம்பி" என்றார். உண்மைதான். ஓட்டம் படத்தில் இல்லை.

ஷட்டரை 1/30-க்கு இறக்கினோம். நொடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிற வண்டி, அந்த நேரத்துக்குள் ஓர் அடிக்கு மேல் நகர்ந்துவிடும். அந்த ஓர் அடியும் கேமரா அதே வேகத்தில் கூடவே போனால் வண்டி தெளிவாக நிற்கும், தென்னை மரங்கள் பச்சைக் கோடுகளாக இழுபடும். வெயில் ஏறியதும் இன்னொரு சிக்கல். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தாலே 1/125 போதும். 1/30 என்றால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அண்ணன் பையிலிருந்து வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை எடுத்து லென்ஸில் திருகினார்.

பிறகு என் கால்களைப் பார்த்தார். எந்த இடத்தில் படம் வேண்டுமோ, அதற்கு நேராகப் பாதங்கள் இருக்க வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, இடுப்பை மட்டும் வண்டி கிளம்பும் பக்கம் திருப்பிக் காத்திருக்க வேண்டும். வண்டி வர வர இடுப்பின் முறுக்கு பிரியும். பாதம் நோக்கும் இடத்துக்கு வரும்போது உடம்பில் முறுக்கு இருக்காது, விரல் தானாக அழுத்தும்.

அப்படியும் என் படங்கள் குழம்பின. காரணத்தை அண்ணன்தான் கண்டுபிடித்தார். எங்கள் இருவருடையதும் டிஎஸ்எல்ஆர். படம் பதிகிற கணத்தில் உள்ளே கண்ணாடி மேலே எழும்ப, வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். கண் குருடாகும்போது உடம்பு நின்றுவிடுகிறது. "இருட்டுனாலும் திரும்பிக்கிட்டே இருங்க. மாடு அங்கயேதான் இருக்கும்" என்றார். நான் அன்று கற்றதில் மிகப் பெரியது இதுதான். கிளிக் கேட்ட பிறகும் வண்டியைக் கண்ணால் வழியனுப்பிவிட்டுத்தான் இடுப்பு நிற்க வேண்டும்.

காரை எடுப்பதும் காளையை எடுப்பதும் ஒன்றல்ல. கார் வழுக்கிக்கொண்டு போகும், காளை தாவும். தலை மேலும் கீழும் ஆடுவதால் வண்டி தெளிந்தாலும் முகம் கலங்கிவிடும். மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் தயங்குவதுபோல, தாவலின் உச்சியில் தலையும் தயங்கும். அந்தத் தயக்கத்தில் அழுத்த வேண்டும். கலங்கிய படத்துக்கும் மதிப்பு உண்டு. முன்பாதியே வெட்டுப்பட்டுப்போன ஒரு பந்தயக் காரை லார்த்திக் என்ற பிரெஞ்சுக்காரர் முதல் உலகப் போருக்கு முன்பு எடுத்தார். சக்கரம் ஒரு பக்கமும் வேடிக்கை பார்ப்பவர்கள் மறுபக்கமும் சாய்ந்த அந்தப் படத்தை இன்று உலகம் கொண்டாடுகிறது. மாட்டுக்காரர் அப்படிக் கொண்டாட மாட்டார். அவருக்குத் தன் காளையின் கண் தெரிய வேண்டும். அவர் கேட்பது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாலை வரை எடுத்ததில் மூன்று படங்கள் தேறின. அதில் ஒன்றை ஒரு பெரியவர் வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஓட்டியவர் கலங்கித் தெரிந்தார். வலத்துக் காளையின் கண் மட்டும் தெளிவு. "இவன்தானுங்க" என்றார்.

பழக நினைப்பவர்கள் தை வரை காத்திருக்க வேண்டாம். டீக்கடை வாசலில் நின்று, போகிற சைக்கிள்களைத் தொடருங்கள். தடத்துக்கு வந்தால் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். காளை மிரண்டால் விழுகிறவர் வண்டியில் இருப்பவர்.