ஹவுஸ்கீப்பிங் மாதம்

ஜூலை, திங்கள்

ஓட்டல் பயிற்சியில் கிச்சன் முடிந்தது. இன்றிலிருந்து ஹவுஸ்கீப்பிங். கூடப் பயிற்சிக்கு வந்த பையன்களின் முகம் தொங்கிப்போய்விட்டது. செஃப் கோட்டு வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரண்ட் ஆபீஸில் டை கட்டி நிற்க வேண்டும். "கக்கூஸ் கழுவவா மூணு வருஷப் படிப்பு?" என்று தென்காசியில் அத்தை கேட்டதையும் மறக்கவில்லை. ஆனால் ஓட்டல் வருமானத்தில் பெரும்பங்கு அறை வாடகைதான். அந்த அறையை விற்கத் தகுந்ததாக வைத்திருப்பவர்களிடம் வேலை கற்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

காலை ஷிஃப்ட் என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். கொச்சியில் நான் தங்கியிருக்கும் கொச்சங்காடித் தெருக்கள் அந்நேரத்திலேயே விழித்துக்கொள்ளும். இங்குள்ள செம்பிட்ட பள்ளி 1520-இல் எழுந்த பள்ளிவாசல். அதற்கும் முன்பு, 1344-இல், யூதர்கள் இங்கே தொழுகைக்கூடம் கட்டியிருந்தார்கள். அதன் கல்வெட்டு இப்போது மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தின் சுவரில் இருக்கிறது. அரபியர், யூதர், குஜராத்தியர், கொங்கணியர், தமிழர் என்று வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த ஊர். இங்கே விருந்தோம்பல் படிக்கிறேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னபோது பெருமையாக இருந்தது.

புதன்

என்னை அறை சுத்தம் செய்யும் சேச்சி ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கதவை மூன்று முறை தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லி, காத்திருந்து, மறுபடி தட்டிய பிறகுதான் சாவி. உள்ளே போனதும் முதலில் திரையை விலக்குகிறார். வெளிச்சம் வந்தால்தான் அழுக்கு தெரியும். பிறகு படுக்கை. பழைய விரிப்பை உருவும்போதே ஒரு உதறல்: கண்ணாடி, கம்மல், சார்ஜர் ஏதாவது சிக்கியிருந்தால் விழட்டும் என்று. புது விரிப்பின் நடுமடிப்பு மெத்தையின் நடுவில் உட்கார வேண்டும். மூலையை நாற்பத்தைந்து பாகையில் மடித்துச் செருகுவதை வகுப்பில் பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் சேச்சி கட்டிலைச் சுற்றி ஒரே ஒரு தடவைதான் நடக்கிறார். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து அறை பார்க்கிறவருக்கு அந்த நடை மிச்சம் இடுப்புக்கு மிச்சம்.

டாஸ்கி துப்புரவுத் திரவ பாட்டில்கள் நம்பர் கணக்கில்: ஆர்-1 குளியலறைக்கு, ஆர்-3 கண்ணாடிக்கு, ஆர்-6 கழிப்பறைக் கோப்பைக்கு. கோப்பை துடைத்த துணி வாஷ்பேசின் பக்கம் வரவே கூடாது. "மோளே, கெஸ்ட் பார்க்கலன்னாலும் நமக்குத் தெரியுமில்லே" என்றார் சேச்சி.

வெள்ளி

லினன் ரூம். ஒரு கட்டிலுக்கு ஒரு விரிப்பு போதாது: ஒன்று கட்டிலில், ஒன்று மாடிப் பேன்ட்ரியில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில், அவசரத்துக்கு இன்னொன்று. இதற்குப் பார் ஸ்டாக் என்று பெயர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததன் அர்த்தம் இந்த மழையில்தான் புரிகிறது. நான்கு நாளாக விடாத மழை. டிரையர் நின்றால் அன்று மாலை செக்-இன் ஆகிறவருக்குப் படுக்கை இல்லை. ஃப்ரண்ட் ஆபீஸின் புன்னகையெல்லாம் இந்த அலமாரியை நம்பித்தான் நிற்கிறது.

ஞாயிறு

வார விடுமுறை. வெயில் எட்டிப்பார்த்ததால் வெளியில் உள்ள தோபி கானாவுக்குப் போனேன். (ஃபோர்ட் கொச்சியில் வெளி என்பது ஒரு பகுதி.) டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடுப்பை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இங்கே உழைக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-இல் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. வரிசையாகத் தொட்டிகள், துவைகல், பின்னால் கொடி கட்டிய மைதானம்.

கொடியில் ஒரு கிளிப் கூட இல்லை. இரட்டைப் புரியாக முறுக்கிய கயிற்றின் நடுவே துணி முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு இழுத்தாலும் வருவதில்லை. பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "கிளிப்பு போட்டா தடம் விழும் மக்களே. துருவும் பிடிக்கும். கயிறு துணியைக் கடிக்காது." வெயில் மட்டும் போதாது, காற்றும் வேண்டும் என்றார். விரிப்பின் ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்து, இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிறார். எங்கள் ஓட்டலில் கிழிந்த பிறகுதான் கழித்துக்கட்டுகிறோம். அவர் கஞ்சி காய்ச்சும் பக்குவத்துக்கும் எந்தப் பாடப்புத்தகத்திலும் அளவு இல்லை.

பேரன் இந்த வேலைக்கு வரவில்லையாம். அதைச் சொல்லும்போது குரலில் வருத்தமில்லை. எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்

இராத்திரி பயிற்சி ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். இந்தியாவில் இந்த ஓட்டல் படிப்பைத் தொடங்கி வைத்தவர்கள் பெண்கள். 1954-இல் லீலாவதி முன்ஷி தலைமையிலான அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் கவுன்சில் பம்பாயில் முதல் நிறுவனத்தை ஆரம்பித்தது. சென்னையில் 1963-இல் வந்தது. அப்படித் தொடங்கிய படிப்பில் இன்றும் படுக்கை விரிக்கும் சேச்சிக்கும் துணி வெளுக்கும் பெரியவருக்கும் ஆசிரியர் என்ற இடம் இல்லை. ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குக் கூட்டிப்போய் லாபியைக் காட்டுகிறார்கள். தோபி கானாவுக்கு ஒருநாள் கூட்டிப்போனால் ஒரு செமஸ்டர் பாடம் கிடைக்கும். இதை ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இறுதியாண்டு விருப்பத் துறை கேட்டிருந்த கட்டத்தில் ஹவுஸ்கீப்பிங் என்று நிரப்பிவிட்டேன். அத்தைக்கு நானே போன் போட்டுச் சொல்வேன்.

அடுத்த ஞாயிறு பெரியவரிடம் கேட்க வேண்டியவை: கஞ்சிக்கு எந்த அரிசி, நீலம் எந்தத் தண்ணீரில், மஞ்சள் கறைக்கு என்ன, மழை நாளில் தலையணை உறையை எப்படிக் காயவைக்கிறார்கள். சேச்சியும் வருகிறேன் என்றிருக்கிறார்.