உப்புக் காற்றில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்

ஜூலை 26-ல் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் கொடி ஏறும். ஆகஸ்ட் 5 வரை திருவிழா. கொடியேற்றத்துக்கு முன்பே தெருவில் மைக் செட்காரர்கள் ஏணியும் குழாய் ஸ்பீக்கருமாக வந்துவிடுவார்கள். இந்த முறை ஊருக்குப் போனபோது, பெரியப்பா வீட்டுக்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் பிரச்னை காத்திருந்தது.

வீட்டில் ஒரே ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரோ இரண்டு ஜோடி. ஒன்று, கல்கத்தாவின் சோனோடைன். இன்னொன்று, தோணியில் தண்டலாக இருந்த தாத்தா கொழும்பிலிருந்து கொண்டு வந்தது. ஆச்சியால் இப்போது மாடிப்படி இறங்க முடியாது. திருவிழாவுக்கு சொந்தக்காரர்கள் கூடும்போது கீழே ஹாலில் கேட்கும் பாட்டு மாடியில் ஆச்சிக்கும் கேட்க வேண்டும், அதுவும் தாத்தாவின் பெட்டியில். பெரியப்பாவின் ஆசை அவ்வளவுதான்.

'இதென்ன பெரிய வேலை' என்று இரண்டு ஜோடி வயரையும் ஒரே முனையில் முறுக்கிச் செருகினேன். பாட்டு ஜோராக வந்தது. நாலாவது பாட்டில் ஆம்ப்ளிஃபயரின் மேல் கை வைக்க முடியவில்லை. லேசாகக் கருகல் வாடை வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெருவில் குழாய் கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன்.

"தம்பி, ஸ்பீக்கருக்குப் பின்னாடி எத்தனை ஓம்னு பாத்தியளா?"

பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது, உப்புக் காற்று ஸ்டிக்கரை எப்போதோ தின்றுவிட்டது. அண்ணாச்சி மல்டிமீட்டரை வைத்தார். சோனோடைனில் 6 சொச்சம், கொழும்புப் பெட்டியில் 3 சொச்சம். மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அதாவது 8 ஓம், 4 ஓம். இரண்டையும் நான் இணைத்த மாதிரி பேரலலாகக் கொடுத்தால் மொத்தம் 2.7 ஓம்கூட வராது. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிகக் கரன்ட்டைத் தள்ள வேண்டும். பின்பக்கத்தில் 'இரண்டு ஜோடி போட்டால் ஒவ்வொன்றும் குறைந்தது 8 ஓம்' என்று அச்சிட்டே இருந்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

"தெருவுல ஒரே ஆம்ப்ளிஃபயர்ல இத்தனை குழாய் கட்டுறீங்களே, அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதற்குத்தான் ஒவ்வொரு குழாயிலும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் என்றார். வோல்ட்டை ஏற்றி, கரன்ட்டைக் குறைத்து அனுப்புகிற 100 வோல்ட் லைன். வீட்டு செட்டில் அந்த வசதி கிடையாது.

எனவே சீரியல். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனையிலிருந்து முதல் பெட்டியின் சிவப்புக்கு. அதன் கறுப்பிலிருந்து இரண்டாவது பெட்டியின் சிவப்புக்கு. அதன் கறுப்பிலிருந்து திரும்ப ஆம்ப்ளிஃபயருக்கு. இடது, வலது தனித்தனியாக. 8-ம் 4-ம் 12 ஓம். ஆம்ப்ளிஃபயர் நிம்மதியாக மூச்சுவிடும். கொழும்புப் பெட்டியில் நிறம் அழிந்திருந்ததால், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தார். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் சிவப்பு. மாற்றிக் கொடுத்தால் பேஸ் செத்துப்போகும்.

இணைப்பதைவிட நேரம் பிடித்தது முனைகளில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டத்தான். இந்த ஊரில் செம்பு தப்பிக்காது. ஆனால், அதே உப்புத் தண்ணீர் மத்திய அலை ரேடியோவுக்கு நல்ல பாதை. தரையைவிடக் கடல் மேல் அது வெகுதூரம் போகும். கே.எஸ்.ராஜா, பி.ஹெச்.அப்துல் ஹமீத் குரல்களை இலங்கை வானொலியில் இந்தக் கரை உள்ளூர் ஸ்டேஷன்போல கேட்டது அப்படித்தான். நம் பக்கமும் சும்மா இல்லை. இலங்கைக்கு அனுப்ப தூத்துக்குடியிலேயே 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வைத்தது அகில இந்திய வானொலி. தாத்தா வாங்கிய பெட்டியில் ஆச்சி முதலில் கேட்டதும் கொழும்புதானாம்.

பாட்டைப் போட்டோம். அரை மணி நேரம் ஓடியும் ஆம்ப்ளிஃபயர் வெதுவெதுப்போடு நின்றது. ஒரு குறை: சீரியலில் அதிக ஓம் உள்ள பெட்டிக்குத்தான் அதிகப் பங்கு. கீழே சோனோடைனுக்கு மூன்றில் இரண்டு, மாடிக்கு ஒன்று. பெட்டியை மாற்றி வைத்தால் மாடியில் சத்தம் கூடும். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

மாடியிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தார்: "ஏல, இன்னுங் கொஞ்சம் கூட்டி வையி!"

கூட்டினோம். கீழே யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.